மெஜாரிட்டி இல்லாத சபை
(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் விதை நெல்லைப் பற்றியதுமன்று, எருக்குழியைப் பற்றியதுமன்று. இங்கிலாந்து தேசத்தில் ஒரு நகரசபைத் தேர்தலைப் பற்றியது. "கடல் கடந்த ஊரில் யாரோ வோட்டுப் போடுவதைக் கேட்டு நமக்கு ஆகவேண்டியது என்ன?" என்று தங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வியே. அதற்கு நான் ஒரு எதிர்க்கேள்வி கேட்கிறேன். தங்கள் சங்கத்தின் நிர்வாக சபையில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். நால்வர் ஒரு பக்கம், மூவர் இன்னொரு பக்கம், இருவர் எப்பக்கத்திலும் சேராதவர். இந்த நிலையில் உரம் வாங்கும் தீர்மானம் எப்படி நிறைவேறும்? யார் சொற்படி சங்கம் நடக்கும்? இத்தகைய சங்கடத்தைப் பல வருஷகாலம் அனுபவித்த ஒரு ஊரின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவ்வூரின் பெயர் ஸ்டாக்போர்ட். மாஞ்செஸ்டர் நகருக்குத் தெற்கே, அதை ஒட்டினாற்போல் இருக்கிறது. கோய்ட், டேம் என்னும் இரண்டு ஆறுகள் அங்கே கூடி மெர்ஸி நதியாகின்றன. முற்காலத்தில் தொப்பி செய்யும் தொழிலுக்குப் பேர்போன ஊர். ஊரின் நடுவே, சுமார் 1 கோடியே 10 லக்ஷம் செங்கற்களால் 1840-இல் கட்டி முடிக்கப்பட்ட ரயில் பாலம் இன்றும் நிற்கிறது. 2021-ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி ஜனத்தொகை 3 லக்ஷத்துக்குச் சற்றுக் குறைவு. அந்நாட்டில் இத்தகைய நகரப்பகுதியைப் "பரோ" என்பார்கள். பரோவின் சபை நம் முனிசிபாலிடியைப் போன்றது. ஆயினும் அதற்குள்ள பொறுப்பு பெரிது. குப்பை வாருவதும் பாதை செப்பனிடுவதும் மட்டுமன்று. ஆதரவற்ற குழந்தைகளையும் தள்ளாத முதியோரையும் பராமரிப்பதும் அதன் கடமை. பணத்தில் பெரும்பங்கு இந்தப் பராமரிப்புக்கே போய்விடுகிறது.

தங்களுக்கு அறிமுகமான ஒரு பெயரையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். 1844-இல் ராச்டேல் என்னும் ஊரில் நெசவாளர் முதலிய 28 பேர் தலைக்கு ஒரு பவுன் போட்டுக் கடை வைத்த சரித்திரத்தை ஐக்கிய சங்க வகுப்புகளில் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அந்த ராச்டேலும் நம் ஸ்டாக்போர்ட்டும் இருபது மைலுக்குள் இருப்பவை. "பெரிய மாஞ்செஸ்டர்" என வழங்கும் பிரதேசத்தின் பத்துப் பகுதிகளில் இரண்டு. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வோட்டு என்னும் கொள்கையை உலகம் அறியச் செய்த சீமை அது. அங்கேயே வோட்டுகள் மூன்றாக, ஐந்தாகச் சிதறும்போது என்ன ஆகிறது என்பதைப் பார்ப்போம்.

தேர்தல் முறையை முதலில் சொல்லவேண்டும். ஸ்டாக்போர்ட் பரோ 21 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. வார்டுக்கு மூன்று மெம்பர்கள். ஆக 63 பேர். மெம்பரின் காலம் சாதாரணமாக நான்கு வருஷம். ஆனால் மூவரும் ஒரே காலத்தில் விலகுவதில்லை. ஒரு வருஷம் ஒருவர், மறுவருஷம் இன்னொருவர், அதற்கடுத்த வருஷம் மூன்றாமவர். நான்காம் வருஷம் தேர்தல் இல்லை. மூன்று போகம் விளைத்து ஒரு போகம் தரிசாக விடுவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காற்றில் சபை முழுவதும் மாறிப்போகாது என்பது இதில் உள்ள நன்மை. தேர்தல் நினைவின்றி மெம்பர்கள் ஒரு வருஷம்கூட நிம்மதியாய் வேலை செய்ய முடியாது என்பது தீமை. எனக்கு இம்முறையில் அவ்வளவு மோகமில்லை. வருஷந்தோறும் கூப்பிட்டால் வோட்டர்களுக்கும் அலுப்புத் தட்டுகிறது. அந்நாட்டு ஸ்தலத் தேர்தல்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வந்தால் அதுவே அதிகம்.

மே மாதத்து முதல் வியாழக்கிழமை, காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை வோட்டுப் போடலாம். பள்ளிக்கூடங்களும் மாதாகோயில் மண்டபங்களும் அன்று வோட்டுச் சாவடிகளாகின்றன. சீட்டில் பென்ஸிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, மடித்துப் பெட்டியில் போடவேண்டும். முகம் தெரியும் அத்தாட்சிச் சீட்டைக் காட்டவேண்டும் என்னும் விதி 2023 மே மாதத் தேர்தலிலிருந்துதான் அங்கே அமுலுக்கு வந்தது. அதற்கு முன் பெயரையும் விலாசத்தையும் சொன்னால் போதும், அவ்வளவு நம்பிக்கை. இரண்டு அபேக்ஷகர்களுக்குச் சமமான வோட்டு விழுந்துவிட்டால், தேர்தல் அதிகாரி திருவுளச்சீட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது சட்டம். குடவோலையை நாமே கண்டோம் என்று பெருமை கொள்ளும் நமக்கு இது வேடிக்கையாயிராது.

நிற்க. 63 பேரில் மெஜாரிட்டி என்றால் 32. இந்த 32 என்னும் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் இதைச் சுற்றியே நடக்கிறது. 2011 முதல் 2024 வரை நடந்த எந்தத் தேர்தலிலும் ஸ்டாக்போர்ட்டில் எந்தக் கக்ஷிக்கும் 32 ஸ்தானம் கிடைக்கவில்லை. முதலில் லிபரல் டெமாக்ரட் கக்ஷியார், மெஜாரிட்டி இன்றியே சபையை நடத்தினார்கள். 2016 முதல் 2022 வரை லேபர் கக்ஷியார், அவர்களும் மெஜாரிட்டி இன்றியே நடத்தினார்கள். 2022-இல் மறுபடியும் லிபரல் டெமாக்ரட்டுகள் வந்தார்கள்.

2021-இல் ஒரு விசேஷம் நடந்தது. லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 26 ஸ்தானம், லேபர் கக்ஷிக்கு 25. ஒருவர் அதிகம் உள்ளவரே ஆளவேண்டும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் அவ்வருஷம் 25 பேர் உள்ள லேபர் கக்ஷியே தொடர்ந்து தலைமை வகித்தது. இதெப்படி? சபைத் தலைவரை நியமிப்பது வோட்டர்களல்ல, மெம்பர்களே. கூட்டத்துக்கு வந்து வோட்டுக் கொடுப்பவர்களில் யாருக்கு அதிகமோ அவரே தலைவர். ஆகவே எத்தனை பேர் ஆதரிக்கிறார்கள் என்பதோடு, எத்தனை பேர் எதிர்க்காமல் சும்மா இருக்கிறார்கள் என்பதும் கணக்கில் சேர்கிறது. "இவர் எனக்கு வேண்டியவர் அல்ல, ஆனால் மற்றவரைக் காட்டிலும் பரவாயில்லை" என்று நினைத்துக் கைதூக்காமல் உட்கார்ந்திருப்பவரும் ஒரு விதத்தில் தலைவரை உண்டாக்குகிறார். மெஜாரிட்டி இல்லாத சபையில் மௌனத்துக்கும் விலை உண்டு.

தலைவர் நியமனமான பிறகு அவர் தமக்கு உதவியாக ஒரு மந்திரிக் குழுவைப்போல் அமைத்துக்கொள்ளுகிறார். அதில் தலைவர் உட்பட பத்துப் பேருக்கு மேல் இருக்கக்கூடாது. தினசரி நிர்வாகம் இக்குழுவின் பொறுப்பு. ஆனால் வரவு செலவுத் திட்டமும், நிலத்தை எவ்வுபயோகத்துக்கு விடுவது என்னும் பெரிய திட்டமும் முழுச் சபையின் அங்கீகாரம் பெற்றே ஆகவேண்டும். பரோவின் மேயர் என்பவர் இதில் வேறு. அவர் வருஷத்துக்கு ஒருவராக மெம்பர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர். கழுத்தில் பொற்சங்கிலி அணிந்த கௌரவ ஸ்தானம். ஆனால் இரு பக்கமும் வோட்டுச் சமமானால் இரண்டாவது வோட்டுக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. யாருக்கும் 32 இல்லாத சபையில் அந்தச் சங்கிலிக்குத் திடீரென்று கனம் வந்துவிடும்.

வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நம் சங்கங்களில் வருஷாந்தர மகாசபை நடக்கும் லக்ஷணம் தங்களுக்குத் தெரியும். மார்ச்சு மாதம் 11-ந் தேதிக்குள் பரோ சபை அவ்வருஷத்து வீட்டுவரியை நிர்ணயம் செய்துவிடவேண்டும் என்பது சட்டம். ஆளும் கக்ஷிக்கு மெஜாரிட்டி இருந்தால், திட்டம் கூட்டத்துக்கு வருமுன்பே அதன் முடிவு தெரிந்துவிடும். இல்லாவிடில், மற்றக் கக்ஷிகள் திருத்தங்கள் கொண்டுவருவார்கள்: "வாசகசாலையை மூடாதே, அந்தப் பணத்தை வேறு கணக்கிலிருந்து எடு" என்று ஒருவர், "பாதைக் குழிகளுக்கு அதிகம் ஒதுக்கு" என்று ஒருவர். வரியை இஷ்டம்போல் ஏற்றித் தப்பவும் முடியாது. 2023-24-ஆம் வருஷத்தில், முதியோர் பராமரிப்புப் பொறுப்புள்ள சபைகள் நூற்றுக்கு 5 அல்லது அதற்குமேல் வரி ஏற்றுவதானால் ஜனங்களிடம் நேராக வோட்டுக் கேட்டே செய்யவேண்டியிருந்தது. ஆகையால் சபைக்குள் பேசி, கொடுத்து வாங்கி, ஒரு முடிவுக்கு வந்தே தீரவேண்டும்.

இந்த வோட்டைப் பற்றி இரண்டு விதிகள் உண்டு. அவற்றை ஒவ்வொரு சங்கத்தின் சுவரிலும் எழுதி ஒட்டலாம் என்பது என் அபிப்பிராயம். முதலாவது: 2014 முதல் வரவு செலவுத் திட்டத்தின்மேல் ஒவ்வொரு மெம்பரும் எப்படி வோட்டுக் கொடுத்தார் என்பது பெயருடன் நடவடிக்கைப் புஸ்தகத்தில் பதிவாகவேண்டும். கூட்டத்தோடு கூட்டமாகக் கைதூக்கிவிட்டு, பிறகு தெருவில் "நான் எதிர்த்தேனே" என்று சொல்ல வழியில்லை. இரண்டாவது: தன் வீட்டு வரியை இரண்டு மாதமாகக் கட்டாமல் பாக்கி வைத்திருக்கும் மெம்பர், கூட்டத்தில் அதைத் தாமே எழுந்து சொல்லி, வரி சம்பந்தமான தீர்மானத்தில் வோட்டுக் கொடாமல் இருக்கவேண்டும். 1992-ஆம் வருஷத்துச் சட்டம் இது. மீறினால் அபராதம் விதிக்கலாம். தவணை தவறிய அங்கத்தினருக்கு வோட்டில்லை என்று நம் சங்கத்தில் சொல்லும்போது முகம் சுளிப்பவர்கள், அங்கே நகரசபை மெம்பருக்கே அதே கதி என்பதைக் கவனிக்கவேண்டும். இரண்டு மூன்று வோட்டில் முடிவு தொங்கும் சபையில், ஒருவருடைய வரிப் பாக்கி ஊரின் திட்டத்தையே கவிழ்த்துவிடக்கூடும்.

இனி, இக்கதையின் உயிரான பகுதிக்கு வருகிறேன். அது நிலத்தைப் பற்றியது.

இங்கிலாந்தில் பெரிய நகரங்களைச் சுற்றிப் "பசுமை வளையம்" என்று ஒன்று உண்டு. ஒரு ஊர் வீங்கி அடுத்த ஊரோடு ஒட்டிவிடாதபடி, வயல்களையும் புல்வெளிகளையும் வீடு கட்டாமல் விட்டுவைத்த நிலம். பெரிய மாஞ்செஸ்டரின் பத்துப் பகுதிகளும் சேர்ந்து, வருங்காலத்தில் வீடுகளும் தொழிற்சாலைகளும் எங்கெங்கே வரலாம் என்று ஒரே திட்டம் தயாரிக்க முனைந்தன. முதல் நகல் 2016-இல் வந்தது. ஜனங்கள் பலமாக ஆட்சேபித்தார்கள். 2019-இல் இரண்டாவது நகல். 2020-இல் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் பசுமை வளையத்திலிருந்து எடுக்கும் நிலம் குறைந்தது. ஆனால் அடியோடு நிற்கவில்லை. ஸ்டாக்போர்ட்டிலும் கொஞ்சம் வயல் போகவேண்டியிருந்தது.

திட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்னது இது: "பத்துப் பகுதிகளும் கூடி நின்றால், நம் பங்குக்கு வரவேண்டிய வீடுகளில் ஒரு பகுதியை மாஞ்செஸ்டர் முதலிய ஊர்கள் ஏற்றுக்கொள்ளும். தனியே நின்றால் முழுப் பாரமும் நம் தலையில்தான்." எதிர்த்தவர்கள் சொன்னது: "ஒருமுறை கட்டடமான வயல் மறுபடி வயலாவதில்லை. நகரத்தின் நடுவே பாழாய்க் கிடக்கும் பழைய ஆலை மனைகளில் முதலில் கட்டட்டும்." இரண்டும் அசட்டுப் பேச்சல்ல. நகரத்தின் மேற்குப் புறத்தில் அவ்விதப் பழைய மனைகளில் 3,500 வீடுகள் கட்டுவதற்கென 2019-இல் ஒரு தனி ஸ்தாபனமே ஏற்பட்டிருந்தது. வாடகைக்கு வீடு கிடைக்காமல் தவிக்கும் இளம் குடும்பம் ஒரு பக்கம். ஜன்னலைத் திறந்தால் தெரியும் புல்வெளியை இழக்க மனமில்லாத பழங்குடி மறுபக்கம். எப்பக்கத்தில் நியாயம் என்று எளிதில் சொல்லிவிட என்னால் இயலாது.

2020 டிசம்பரில் இது முழுச் சபையின் முன் வந்தது. தலைமை வகித்த லேபர் கக்ஷி திட்டத்தில் சேரவேண்டும் என்றது. லிபரல் டெமாக்ரட்டுகளும் கன்ஸர்வேடிவ் கக்ஷியாரும் எதிர்த்தார்கள். ஆளும் கக்ஷி தோற்றது. தலைவர் தலைவராகவே இருந்தார். அவருடைய பெரிய திட்டம் மட்டும் வீழ்ந்தது. மெஜாரிட்டி உள்ள சபையில் இப்படி நடப்பது அபூர்வம். பத்தில் ஒன்று விலகவே, மற்ற ஒன்பதும் தங்களுக்குள் வேறொரு திட்டம் எழுதி, பரிசோதனை அதிகாரிகளின் விசாரணைகளைக் கடந்து, 2024 மார்ச்சில் அதை அமுலுக்குக் கொண்டுவந்தன.

ஸ்டாக்போர்ட் என்னவாயிற்று? இங்கேதான் நான் தங்கள் கவனத்தைக் கோருகிறேன். "வேண்டாம்" என்று சொல்ல மெஜாரிட்டி சேர்ந்தது. வெவ்வேறு கக்ஷியார், வெவ்வேறு காரணத்துக்காக ஒரே சொல்லைச் சொன்னார்கள். அதில் கஷ்டமில்லை. ஆனால் அதற்குப் பதிலாக எந்த நிலத்தில் கட்டலாம் என்று எழுதி, "இது வேண்டும்" என்று சொல்ல 32 பேர் வேண்டுமே! 2022-இல் தலைமை லிபரல் டெமாக்ரட்டுகளிடம் வந்தது. மறுத்தவர்களே இப்போது எழுதவேண்டியவர்களானார்கள். அவர்களிடம் இருந்ததோ 28 பேர். எந்த வயலைத் தொட்டாலும் அவ்வார்டு மெம்பருக்குக் கோபம். எதையும் தொடாவிட்டால் கணக்குச் சரிவராது. 2024-ஆம் வருஷக் கடைசி வரையில் புதிய திட்டம் அமுலுக்கு வரவில்லை. 2011-இல் ஏற்பட்ட பழைய திட்டமே மூலாதாரமாக நின்றது. திட்டம் பழசாகி, ஐந்து வருஷத்துக்குப் போதிய மனை ஒதுக்கியதாகச் சபை காட்ட முடியாவிட்டால், வீடு கட்டும் கம்பெனிகள் மேல்முறையீடு செய்யும்போது தராசு அவர்கள் பக்கம் சற்றுச் சாயும். பசுமை வளைய நிலத்துக்கு வேறு காவல் உண்டென்றாலும், மற்ற இடங்களில் முடிவு ஊர்ச் சபையின் கையை விட்டு, வெளியிலிருந்து வரும் பரிசோதகரின் கைக்குப் போய்விடும். போதாதற்கு, 2024 டிசம்பரில் அந்நாட்டு அரசாங்கத்தார் கணக்கிடும் முறையை மாற்றியபோது, ஸ்டாக்போர்ட் கட்டவேண்டிய வீடுகளின் எண்ணிக்கை முன்னிலும் உயர்ந்தது.

ஆகவே மெஜாரிட்டி இல்லாத சபையே உத்தமம் என்று சிலர் சொல்லுவதை நான் முழுதும் ஒப்புவதில்லை. கெட்ட யோசனை ஒன்று ஒரே கக்ஷியின் பலத்தால் நுழைந்துவிடாமல் அது தடுக்கும், உண்மை. நல்ல யோசனைக்கும் அதே வாசற்படிதான். நம் சங்கங்களில் பார்த்திருக்கிறேன். கிடங்கு கட்ட வாங்கும் இடம் வடக்குத் தெருவிலா தெற்குத் தெருவிலா என்று வருஷக்கணக்கில் ஒருவரையொருவர் தடுத்து, கடைசியில் நெல் மழையில் நனைந்ததைத் தவிர வேறு பலன் கண்டதில்லை.

2023 தேர்தலைச் சொல்லி முடிக்கிறேன். வார்டு எல்லைகள் புதிதாக வகுக்கப்பட்டபடியால் அவ்வருஷம் 63 ஸ்தானங்களுக்கும் ஒருசேரத் தேர்தல் நடந்தது. வோட்டருக்கு மூன்று குறி போடும் உரிமை. இம்முறை பெரிய அலை வீசி யாருக்காவது 32 கிடைத்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. முடிவு வந்தது: லிபரல் டெமாக்ரட் 30, லேபர் 24, பசுமைக் கக்ஷி 3. கன்ஸர்வேடிவ் கக்ஷிக்கு, அதற்கு முன் இருந்த நான்கும் போய், ஒரு ஸ்தானமும் இல்லை. மீதி ஆறு பேர் யார் என்று கேளுங்கள். மூவர் ஹீல்ட் கிரீன் என்னும் வார்டின் வரிசெலுத்துவோர் சங்கத்தார். எந்தப் பெரிய கக்ஷியையும் சேராமல், நெடுங்காலமாகத் தங்கள் பேட்டைக்காகவே நிற்பவர்கள். மற்ற மூவர் எட்ஜ்லி என்னும் வார்டின் சமூக சங்கத்தார். இலண்டனில் பார்லிமெண்டை ஆண்ட கன்ஸர்வேடிவ் கக்ஷிக்கு அந்த ஊரில் ஒருவருமில்லை. இரண்டு பேட்டைச் சங்கங்களுக்கு ஆறு பேர். முப்பது பேர் உள்ள கக்ஷி ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற இரண்டு பேர் தேவைப்படும்போது, கதவைத் தட்டவேண்டியது இவர்கள் வீட்டையுந்தான்.

அத்தேர்தலில் ஒவ்வொரு வார்டிலும் முதலாவதாக வந்தவருக்கு 2027 வரை காலம், இரண்டாமவருக்கு 2026 வரை, மூன்றாமவருக்கு 2024 வரை மட்டும். ஆகவே மூன்றாவதாக வந்த 21 பேரும் ஒரு வருஷத்திலேயே மறுபடி ஜனங்கள் முன் நிற்க வேண்டியதாயிற்று. 2024 மே மாதம் அந்த 21 ஸ்தானங்களுக்கும் தேர்தல் நடந்தது. அப்போதும் யாருக்கும் 32 கிட்டவில்லை.

தங்கள் சங்கத்து உபவிதிகளில் கூட்டத்துக்கு எத்தனை பேர் வரவேண்டும், வோட்டுச் சமமானால் யார் தீர்ப்பது என்ற இரண்டையும் பற்றி ஏதேனும் சந்தேகம் இருந்தால் கேட்கலாம். காரியதரிசி அவர்கள் புஸ்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறார்.